பேட்டையிலிருந்து பேருந்து வரை

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் கரிசல் நிலத்தில் 19ஆம் நூற்றாண்டில் சரக்கு பெரும்பாலும் மாட்டுவண்டியில் சென்றது என்றாலும், மழைபெய்தால் சக்கரத்தை விடாமல் பற்றிக்கொள்ளும் அந்த மண்ணில் வண்டியையும் மாடுகளையும் தனியாகப் பேணுவது எளிதாக இருக்கவில்லை. தெற்கிலிருந்து கருப்பட்டியும் கருவாடும் ஏற்றிவந்த நாடார் வணிகர்கள் இதற்குக் கண்ட வழி பேட்டை. அதாவது வண்டிகளும் மாடுகளும் சரக்கும் இரவில் பாதுகாப்பாகத் தங்குவதற்கான மதில் சூழ்ந்த பொதுவளாகம். விற்கும் சரக்கின் மீது வணிகர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட மகமை என்னும் வரி அதைப் பராமரித்ததோடு பின்னர்க் கல்விக்கும் பயன்பட்டது. அருப்புக்கோட்டையும் அதையடுத்த பாலையம்பட்டியும் இவ்வாறு வளர்ந்த ஊர்கள். பேட்டை ஒரு சாதியாருக்குள் நின்ற ஏற்பாடு என்பதையும் மறைக்கலாகாது.

எல்லோருக்குமான ஏற்பாடாகப் பின்னர் வந்தது ரயில். விருதுநகரிலிருந்து 1963இல் அருப்புக்கோட்டைக்கு வந்த மீட்டர்பாதை, 1964இல் திருச்சுழி, நரிக்குடி வழியாக மானாமதுரையை எட்டியது. அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2013இல் மீண்டும் திறக்கப்பட்டது. பயணச்சீட்டு வாங்கிய எவரும் ஏறக்கூடிய வண்டி என்பதே பேட்டையிலிருந்து ரயிலைப் பிரிக்கும் பெரிய வேறுபாடு.

வண்டியைத் தனியாகப் பேணும் பழைய சிக்கல், இன்று சொந்தக் கார் வேண்டுமா என்ற கணக்காக வருகிறது. அப்படி எண்ணும் குடும்பத்துக்கு, 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்வது, அந்தக் கணக்கையே மாற்றியமைக்கும் செய்தி. ஆனால் கடைசிப் பேருந்து போன பிறகு நோயாளியை எதில் ஏற்றுவது என்ற கேள்விக்குக் கிராமங்களில் இன்னும் முழு விடை கிடைக்கவில்லை.