மங்கலதேவி மலை: வையைக்கும் பேரியாற்றுக்கும் இடையில்

கம்பம், கூடலூர் ஊர்களுக்கு மேலே, ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் காடடர்ந்து நிற்கிறது வண்ணாத்திப்பாறை. தேனி மாவட்டமும் இடுக்கி மாவட்டமும் சந்திக்கும் இம்மலையுச்சியில் சிதைந்து கிடக்கும் கருங்கற்கோயிலைக் கண்ணகி கோயில் என்றும் மங்கலதேவி கோயில் என்றும் மக்கள் வழங்குகின்றனர்.

சிலப்பதிகாரம் கூறும் பத்தினிக் கோட்டம் இதுவே என 1963-இல் தமிழறிஞர் சி. கோவிந்தராசனார் அடையாளப்படுத்தினார். மதுரையை நீங்கிய கண்ணகி வையைக் கரைவழி மேற்கே நடந்து, மலையேறி, வேங்கை மரத்தடியில் நின்றாள் என்கிறது காப்பியம். வையையோடு கலக்கும் ஆறுகளின் வழியே கம்பம் பள்ளத்தாக்கில் ஏறினால் இம்மலைத்தொடரையே அடைவோம். செங்குட்டுவன் குறவர்வாய்ச் செய்தி கேட்டதோ பேரியாற்றங்கரையில். இம்மலைத்தொடரின் மறுபுறச் சரிவு நீர் பேரியாற்றையே சேர்கிறது. கண்ணகியின் வழியும் சேரனின் வழியும் சந்திக்கத்தக்க இடம் இரு ஆறுகளின் நீர்பிரி முகடே என்பது இக்கருத்தின் வலிமை.

ஆயினும் உரை மரபு வேறு திசையைக் காட்டுகிறது. அடியார்க்குநல்லார் அம்மலையைக் கொடுங்கோளூருக்கு அயலிலுள்ள செங்குன்று என்றார். திருச்செங்கோடு என்போரைத் தொலைவு காட்டி மறுத்தார். பேரியாறு கொடுங்கோளூர்ப் பகுதியை அடுத்தே கடலை நெருங்குவதால் அவர் கூற்றையும் எளிதில் தள்ள இயலாது. காப்பியத்தில் வரும் 'மங்கல மடந்தை கோட்டம்' என்னும் தொடரும் 'மங்கலதேவி' என்னும் வழக்கும் பொருளால் ஒத்திருப்பது உண்மையே. ஆனால் 'மங்கலம்' பல ஊர்ப்பெயர்களிலும் தெய்வப்பெயர்களிலும் பயிலும் சொல். பெயரொப்புமை துணைச்சான்றாகலாம், தனிச்சான்றாகாது. ஆற்றுவழிச் சான்றே இங்கு முதன்மையானது.

1956-இல் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது பீர்மேடு, தேவிகுளம் பகுதிகள் கேரளத்தில் அமைந்தன. அதன்பின் இக்கோயில் நிலம் எம்மாநிலத்தது என்னும் பூசலும் வளர்ந்தது. 1978-இல் பெரியாறு புலிகள் காப்பகம் அமைந்தபின் காட்டுக் கட்டுப்பாடுகளும் சேர்ந்தன. இன்று சித்திரை முழுநிலவு நாளில் மட்டுமே, இரு மாவட்ட நிருவாகங்களின் கூட்டு ஏற்பாட்டில், மக்கள் மலையேறுகின்றனர். குமுளியிலிருந்து ஜீப்பில் வருவோரும் பளியன்குடியிலிருந்து நடந்து வருவோரும் உச்சியில் ஒன்றுகூடுகின்றனர்.

கோட்டம் எங்கிருந்தது என்பது இலக்கிய, தொல்லியல் வினா. நிலம் யாருடையது என்பது ஆட்சி வினா. ஒன்றன் விடையை மற்றதற்குச் சான்றாக்கும் வழக்கம் இரு மாநிலத்தாரிடமும் உண்டு. காப்பியமோ பாண்டிநாட்டில் கணவனை இழந்தவளுக்குச் சேரநாட்டில் கோட்டம் எழுந்த கதையைச் சொல்கிறது. அக்கதையை நாட்டெல்லைக்கான ஆவணமாக வாசிப்பது அதன் போக்கிற்கே முரணானது.