டேஷ்போர்டின் சிவப்பு விளக்கு



காரிலோ லோரியிலோ சாவியைத் திருப்பியதும் ஓட்டுநருக்கு எதிரே உள்ள டேஷ்போர்டில் சில சிவப்பு விளக்குகள் எரிகின்றன. இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அவை அணைந்துவிடுகின்றன. 'அணைந்துவிட்டதே, இனிக் கவலை இல்லை' என்றுதான் நம்மில் பெரும்பாலோர் எண்ணுகிறோம். அந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி என்பதை அவ்விளக்குகளின் வரலாற்றைக் கொண்டே பார்ப்போம்.

டேஷ்போர்டு என்பது குதிரை வண்டிக் காலத்துச் சொல். குதிரையின் குளம்பு வாரியிறைக்கும் சேறு வண்டியில் இருப்பவர் மேல் படாமல் தடுக்க, முன்னால் ஒரு பலகை வைத்தார்கள். கார் வந்தபோது குதிரை போயிற்று. பலகையும் அதன் பெயரும் தங்கிவிட்டன. தொடக்ககாலக் கார்கள் சிலவற்றில் அப்பலகையில் கண்ணாடிக் குழாய்களைப் பொருத்தினர். எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்குவதை ஓட்டுநர் கண்ணாலேயே கண்டுகொள்வார்.

1908 முதல் 1927 வரை ஃபோர்டு நிறுவனம் ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்து விற்ற 'மாடல் டி' காரில் அதுகூட இல்லை. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று அறிய, தொட்டிக்குள் குச்சியை விட்டுப் பார்க்கவேண்டும். எண்ணெயை அறிய, காரின் அடியில் உள்ள சிறு குழாயைத் திறந்து பார்க்கவேண்டும். சொட்டு வராவிட்டால் உடனே ஊற்றவேண்டும். அக்காலத்து ஓட்டுநர் பாதி மெக்கானிக்காகவே இருந்தார் என்றால் மிகையில்லை.

பின்னர் முள் உள்ள அளவுமானிகள் வந்தன. எண்ணெய் அழுத்தத்துக்கு ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று. 1930களின் நடுவில் அமெரிக்காவின் ஹட்சன் நிறுவனம் எண்ணெய் மானியையும் மின்மானியையும் எடுத்துவிட்டு, அவ்விடத்தில் இரண்டு விளக்குகளை வைத்தது. விளக்கு மலிவானது, முள்ளைப் படிக்கத் தெரியாதவருக்கும் சிவப்பு புரியும். மற்ற நிறுவனங்களும் மெல்ல மெல்ல அதைப் பின்பற்றின. அமெரிக்க ஓட்டுநர்களோ அதற்கு 'மடையர் விளக்கு' என்று பெயர் சூட்டினர்.

அந்தக் கேலியில் நியாயம் உண்டு. எண்ணெய் விளக்கு வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். இயந்திரத்தில் ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறது. எண்ணெயின் அழுத்தம் அதன் உள்ளிருக்கும் வில்லை அழுத்திப் பிடித்திருக்கும்வரை விளக்கு எரியாது. அழுத்தம் மிகவும் குறைந்து, ஏறக்குறைய இல்லை என்ற நிலைக்கு வரும்போதுதான் வில் திரும்பி வந்து மின்சாரம் பாய்கிறது. முள்ளாக இருந்தால், நாளுக்கு நாள் அது இறங்குவதைக் கண்டிருப்போம். காய்ச்சல் ஏறும்போது வாய் திறவாமல், ஆள் மயங்கி விழுந்த பிறகு சேதி சொல்லும் பக்கத்து வீட்டுக்காரரைப் போன்றது இந்த விளக்கு. அது எரிந்தபின் 'பட்டணம் போய்ப் பார்த்துக்கொள்வோம்' என்று ஓட்டினால் இயந்திரம் போய்விடும்.

பேட்டரி விளக்கு இன்னும் சுவையானது. அதன் ஒரு முனை பேட்டரியோடும் மறுமுனை டைனமோவோடும் சேர்ந்திருக்கிறது. இரு பக்கமும் மின்னழுத்தம் சமமாகிவிட்டால் நடுவில் இருக்கும் பல்புக்கு மின்சாரம் ஓடாது, அணைந்துவிடுகிறது. ஒரு பக்கம் தளர்ந்தால் எரிகிறது. கயிறு இழுக்கும் போட்டியில் இரு அணியும் சமமாக இழுத்தால் கயிறு நகராதல்லவா, அதே கணக்குதான். ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் பீட்டில் காரில் இந்த விளக்குக்கு இரட்டை வேலை. அக்காரில் ரேடியேட்டர் கிடையாது; காற்றால்தான் இயந்திரம் குளிர்ந்தது. டைனமோவையும் குளிர்விக்கும் விசிறியையும் ஒரே பெல்ட் சுழற்றியது. ஆகவே ஓடும்போது அந்த விளக்கு எரிந்தால், பெல்ட் அறுந்திருக்கலாம் என்று உடனே நிறுத்திப் பார்ப்பார்கள்.

1961ஆம் ஆண்டுவரை பீட்டிலில் பெட்ரோல் மானி இல்லை. அதனால் பலர் தாமாகவே கடையில் மானி வாங்கிப் பொருத்திக்கொண்டனர். இப்படிச் சொந்தமாக விளக்கோ மானியோ வைக்கும் வழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு. ரேடியேட்டர் தண்ணீர் சூடேறினால் எரியும்படி தனியாக ஒரு விளக்கை லோரி ஓட்டுநரும் வைத்துக்கொள்ளலாம். செய்முறை கடினமில்லை. சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் கம்பியிலிருந்து ஃபியூஸ் வழியாகப் பல்புக்கும், பல்பிலிருந்து சூட்டு சுவிட்சுக்கும் கம்பி இழுக்கவேண்டும். சுவிட்ச் இயந்திரத்தின் இரும்பைத் தொட்டிருப்பதால் அங்கே வட்டம் முடிந்துவிடும். ஃபியூஸ் இல்லாமல் இழுப்பதுதான் ஆபத்து. கம்பியின் தோல் உரசித் தேய்ந்தால் தீப்பிடிக்கக்கூடும்.

1962இல் அமெரிக்க அறிவியலாளர் நிக் ஹோலோன்யாக் சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி.யைச் செய்து காட்டினார். இழை இல்லாத விளக்கு, நெடுங்காலம் உழைக்கும். ஆனால் அதற்கு மின்சாரம் ஒரே திசையில்தான் செல்லவேண்டும். மோரிஸ் மைனர் போன்ற பழைய பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் நேர்முனைதான் காரின் உடலோடு சேர்ந்திருந்தது. அங்கே வழக்கம்போல் மாட்டினால் எல்.இ.டி. எரியாது.

இதைவிடக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. டைனமோவுக்குப் பின் வந்த ஆல்டர்னேட்டர்கள் பலவற்றில், இயந்திரம் கிளம்பும்போது தேவைப்படும் முதல் மின்சாரம் அந்தப் பேட்டரி பல்பின் வழியாகவே செல்கிறது. பல்பு வெறும் தூதன் அன்று, வேலையாளும்கூட! அழகுக்காக அதை எடுத்துவிட்டு எல்.இ.டி.யை மட்டும் வைத்தால், மின்சாரம் போதாமல் ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்ளாமலே இருக்கலாம். விளக்கை மாற்றியவர் பேட்டரியைக் குறைகூறிக்கொண்டிருப்பார். எல்.இ.டி.யோடு இணையாகத் தக்க அளவுள்ள ஒரு மின்தடையைச் சேர்ப்பதே அதற்கு வழி.

பழைய பல்பு எரிந்துபோனாலும் இதே கதைதான். சாவியைத் திருப்பியதும் விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிவது, பல்புகள் உயிரோடு இருக்கின்றனவா என்று நமக்குக் காட்டத்தான். அப்போது எரியாத விளக்கு, வழியில் எண்ணெய் முழுதும் ஒழுகிப் போனாலும் எரியாது.