மடியில் பால், காதில் உண்ணி

கஞ்சிக்கோடு, வாளையாறு காட்டோரங்களில் மேயும் மாடு மாலையில் இரண்டு பொருள்களோடு வீடு திரும்புகிறது: மடியில் பால், காதோரத்தில் உண்ணி. உண்ணிக் காய்ச்சல்களின் தடம் தேடியவர்கள் இவ்விரண்டில் எதைப் பின்தொடர்வது என்று தடுமாறிய வரலாறு ஒன்று உண்டு.

1951 இல், இன்றைய சுலோவாக்கியாவில் உள்ள ரோஷ்ணாவா என்னும் சிறு நகரில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மூளைக்காய்ச்சலில் வீழ்ந்தனர். உண்ணி கடித்தால் வரும் நோய் என அறியப்பட்டிருந்த அது, காட்டுப் பக்கமே போகாதவர்களையும் தாக்கியதுதான் புதிர். விடை உள்ளூர்ப் பால் நிலையத்தில் இருந்தது. உண்ணி கடித்த வெள்ளாடுகளின் பால் பசும்பாலோடு கலந்து, கிருமி சாகும் அளவுக்குச் சூடாக்கப்படாமல் வீடுகளுக்குப் போயிருந்தது. உருசிய மருத்துவர்கள் இத்தகைய நோயை ‘இரட்டை அலைப் பால்காய்ச்சல்’ என்றே அழைத்தனர். காய்ச்சல் ஒருமுறை தணிந்து மீண்டும் எழும். 2020 இலும் பிரான்சின் கிழக்குப் பகுதியில் காய்ச்சாத ஆட்டுப்பாலில் செய்த பாலாடைக்கட்டியால் இந்நோய் பலருக்குத் தொற்றியது.

1957 இல் மைசூர் மாநிலத்துச் சிமோகா மாவட்டத்தின் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. சுற்றியிருந்த ஊர்களில் மனிதரும் இறந்தனர். ஊரார் இட்ட பெயர் ‘மங்கன காயிலெ’, குரங்கு நோய். ஆசியாவில் அதுவரை காலடி வைக்காத மஞ்சள் காய்ச்சல் வந்துவிட்டதோ என்று புனே வைரசு ஆய்வு மையத்தினர் அஞ்சினர். டெல்ஃபோர்டு வொர்க் முதலியோர் பிரித்தெடுத்த வைரசின் உறவுமுறையோ உருசிய மூளைக்காய்ச்சலோடு இருந்தது. வலசைப் பறவைகள் வடக்கிலிருந்து உண்ணியைச் சுமந்து வந்தனவா என்று அறியப் பறவைகளுக்கு வளையமிடும் பணியும் நடந்தது. சாலிம் அலியின் பெயர் ஒரு கொள்ளைநோயின் வரலாற்றில் இடம்பெறுவது இவ்வாறே.

உறவு அதுவென்றால் பாலையும் ஐயுற வேண்டும். இங்கும் சிலருக்குக் காய்ச்சல் இரண்டு அலையாக வந்தது. வீடுதோறும் மாடு இருந்தது. ஆயினும் கியாசனூர் நோய் பச்சைப்பால் வழியே மனிதருக்குத் தொற்றியதற்கு இன்றுவரை சான்று இல்லை. நோயுற்றோர் பெரும்பாலும் விறகுக்கும் தழைக்கும் மேய்ச்சலுக்கும் காடு புகுந்தவர்கள்.

இதனால் மாடு குற்றமற்றது ஆகிவிடவில்லை. மனிதரையும் குரங்கையும் கடித்து நோயைத் தருவது பெரும்பாலும் இளம் உண்ணி. அது முதிர்ந்தபின் மாடு போன்ற பெருவிலங்கின் குருதியை உண்டே முட்டையிடுகிறது. காட்டை வெட்டி வயலாக்கி, எஞ்சிய விளிம்பில் மந்தையை மேயவிட்டதால்தான் உண்ணி பெருகியது என்று ஹோர்ஹே போஷெல் 1969 இல் வாதிட்டார். மாடு நோயைக் கறக்கவில்லை; நோய் சுமக்கும் உண்ணியை வளர்த்தது. ‘குரங்கு நோய்’ என்ற பெயரில் இந்த மாட்டுக்கு இடமே இல்லை. முதலில் செத்து விழுந்த விலங்கின் மேல் பெயரும் பழியும் ஒருங்கே விழுந்தன.

நோய் பின்னர் தெற்கே இறங்கியது. 2012 இன் இறுதியில் பந்திப்பூர், 2013 இல் வயநாடு. 2015 இல் வயநாட்டில் மட்டும் நூற்றுவர் அளவில் நோயுற்றனர்; பழங்குடியினரே மிகுதி. மலையாளத்திலும் அதன் பெயர் ‘குரங்குபனி’.

பாலக்காடு மாவட்டத்து மீனாட்சிபுரம் சோதனைச் சாவடியில், தமிழ்நாட்டிலிருந்து வரும் பால் கலப்படத்துக்காகச் சோதிக்கப்படுகிறது. அந்தப் பாலும் அடுப்பில் பொங்கிய பிறகே குவளைக்கு வருகிறது. மாட்டின் காதோரத்து உண்ணிக்கு அப்படியொரு சாவடி இல்லை.