கடற்காட்சித் தைல ஓவியம் (சோழமண்டலக் கரை)

கடலையும் கரையையும் எண்ணெய் வண்ணத்தில் தீட்டும் கலை. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் மெல்ல உலர்வதால், வானும் நீரும் சேரும் இடத்தை ஈரம் காயுமுன் இழைத்துவிடலாம். காய்ந்தபின் மெல்லிய வண்ணப் பூச்சுகளை ஏற்றி நீருக்கு ஆழம் கொடுக்கலாம். 17ஆம் நூற்றாண்டு நெதர்லாந்தில் தனி வகையாக வளர்ந்த இக்கலை, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் சோழமண்டலக் கரையைக் கருப்பொருளாக்கியது.

கம்பெனிக் காலம்: 1730களின் தொடக்கத்தில் கம்பெனி தன் இலண்டன் தலைமையகத்துக்காக ஆறு கடலோரத் தளங்களின் காட்சிகளை வரையச் செய்தது. அவற்றுள் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையும் ஒன்று. நிலக்காட்சியை ஜார்ஜ் லாம்பர்ட்டும் கப்பல்களைச் சாமுவேல் ஸ்காட்டும் தீட்டினர். இருவருமே இந்தியாவுக்கு வந்ததில்லை. மாறாக, ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1792–93இல் தென்னாட்டைச் சுற்றி நேரில் கண்டு வரைந்தனர். சென்னைக்கு அருகே புயல்காற்று கடந்து செல்வதைக் காட்டும் வில்லியமின் தைல ஓவியம் 1833இல், ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தில் உருவானது. அன்று சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் மக்கள் அலையைக் கடந்து கரையேறினர். இப்படகும் கட்டுமரமும் அக்காலச் சென்னைப் படங்களின் அடையாளமாயின.

இந்திய ஓவியர்கள்: 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் ஓவியப் பள்ளியைத் தொடங்கியதால், ஐரோப்பிய வரைமுறை இங்கேயே கற்பிக்கப்பட்டது. பள்ளிக்கு வெளியே வளர்ந்த இராஜா ரவிவர்மா, வருணனை அடக்கும் இராமனைத் தைலத்தில் தீட்டியபோது, கொந்தளிக்கும் கடல் வெறும் பின்னணியாக நிற்காமல் கதையின் பாத்திரமாகிவிட்டது.

சோழமண்டலம்: 1966இல் கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் ஓவியர்கள் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடலோரத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தனர். பத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற பணத்தில் நிலம் வாங்கினர். கரையிலேயே குடியேறியும், இவர்களுக்குப் பெயர் தந்தது கடற்காட்சியன்று. பணிக்கரே 1963 முதல் எழுத்தையும் குறியீட்டையும் கொண்டு ஓவியம் அமைக்கத் தொடங்கியிருந்தார். கரையைத் தொலைவிலிருந்து பார்த்தவர்களுக்கு அது காட்சியானது. இவர்களுக்கு அது வாழவும் வேலை செய்யவும் உரிய இடமாயிற்று.