பழைய படகும் இரண்டு ரெசின்களும்

1959 ஜனவரியில் நியூயார்க் படகுக் கண்காட்சியில் 'டிரைட்டன்' என்ற பாய்மரப் படகு அறிமுகமானது. கட்டியவர்கள் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிரிஸ்டல் ஊரைச் சேர்ந்த பியர்சன் நிறுவனத்தார்; வடிவம் வரைந்தவர் கார்ல் ஆல்பெர்க். நீளம் 28 அடிக்குச் சற்றே கூடுதல். கண்ணாடி இழையையும் ரெசினையும் அச்சில் போட்டு வார்த்த படகை நடுத்தரக் குடும்பமும் வாங்கலாம் என்று அமெரிக்காவுக்குக் காட்டிய படகுகளில் இது முக்கியமானது. 1960களின் பிற்பகுதிவரை 700க்கு மேல் கட்டினார்கள். ஜேம்ஸ் பால்ட்வின் என்பவர் 'ஆட்டம்' என்று பெயரிட்ட தம் டிரைட்டனில் உலகை இரண்டு முறை சுற்றி வந்திருக்கிறார்.

இந்த வயதுப் படகுகள் இப்போது நியூ இங்கிலாந்துப் படகுத் துறைகளில் சல்லிசாகக் கிடைக்கும். வாங்கியவர் முதலில் கேட்பது, "என்ன பெயின்ட் அடிக்கலாம்?" என்பதுதான். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. உடைந்ததையும் ஊறிப்போனதையும் எந்த ரெசினால் சரிசெய்யப் போகிறோம் என்பதே முதல் கேள்வி. பாலியெஸ்டரா, எபாக்ஸியா? அதற்கு விடை சொல்லிவிட்டால் பெயின்ட் விஷயத்தில் பாதி முடிவு தானாக வந்துவிடும். அதனால்தான் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

படகு பிறந்தது பாலியெஸ்டரில். டிரைட்டன் மட்டுமல்ல, அந்தத் தலைமுறை ஃபைபர் படகுகள் ஏறக்குறைய எல்லாமே அப்படித்தான். பாலியெஸ்டர் ரெசின் ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைந்திருக்கும். கராஜைத் தாண்டித் தெருமுனைவரை வீசும் அந்த நெடி ஸ்டைரீனுடையது. அதில் 1 அல்லது 2 சதவீதம் கேட்டலிஸ்ட் கலந்தால் போதும், சங்கிலித்தொடராக வினை ஓடி இறுகிவிடும். குளிரென்றால் கேட்டலிஸ்ட் இரண்டு சொட்டு கூட, வெயிலென்றால் குறைய. இந்த இளக்கம்தான் பாலியெஸ்டரின் பெரிய வசதி.

எபாக்ஸி அப்படி இல்லை. ரெசினும் ஹார்டனரும் சொன்ன விகிதத்தில் கைகோத்தால்தான் இறுகும். 5-க்கு 1 என்று டப்பாவில் போட்டிருந்தால் 5-க்கு 1தான். 3-க்கு 1 என்றால் 3-க்கு 1தான். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட ஊற்றினால் வேகம் கூடாது. வினைபுரியாமல் மிஞ்சிய ஹார்டனர் உள்ளே மாட்டிக்கொண்டு, அந்த இடம் ரப்பர் மாதிரி நின்றுவிடும். அவசரம் என்றால் வேகமான ஹார்டனர் வேறு டப்பாவில் விற்கிறார்கள். அதை வாங்க வேண்டும். பாலியெஸ்டரில் கைபழகியவர் எபாக்ஸிக்கு மாறும்போது சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

விலையில் எபாக்ஸி இரண்டு மூன்று மடங்கு. இறுகும்போது பாலியெஸ்டர் கன அளவில் சுமார் 5 முதல் 8 சதவீதம் சுருங்கும். எபாக்ஸியின் சுருக்கம் அதில் சிறு பங்குதான்.

இவ்வளவும் டப்பா மேலேயே எழுதியிருக்கும் சங்கதி. உண்மையான வித்தியாசம் படகு வார்ப்பதிலும் படகு பழுது பார்ப்பதிலும் இருக்கிறது. புதுப்படகு வார்க்கும்போது ஒரு அடுக்கு முழுக்க இறுகுவதற்குள் அடுத்த அடுக்கு விழுகிறது. இரண்டும் வேதியியலாகவே பிணைந்து ஒரே உடலாகின்றன. அறுபது வருஷப் பழைய படகின் வெளி ஓட்டில் அந்தப் பிணைப்புக்கு இடமே இல்லை. அங்கே வினை எப்போதோ முடிந்துவிட்டது. புதிய ரெசின் பழைய பரப்பின் கீறல்களில் புகுந்து பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அதாவது அங்கே ரெசின் பார்ப்பது பசையின் வேலை. பாலியெஸ்டர் நல்ல வார்ப்புப் பொருள், பசையாகச் சுமார்தான். சுருங்கும்போது ஒட்டிய இடத்திலிருந்து தன்னையே இழுத்துக்கொள்ளவும் பார்க்கும். எபாக்ஸி அடிப்படையில் பசை. ஆகவே கட்ட பாலியெஸ்டர், ஒட்ட எபாக்ஸி என்பதில் முரண்பாடு எதுவும் இல்லை.

ஆனால் எபாக்ஸிக்காரர்கள் தங்கள் ரெசினுக்குக் கொடுக்கும் பெருமையில் பாதி கிரைண்டருக்குச் சேர வேண்டியது. ஓட்டில் 50 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஓட்டை என்று வையுங்கள். தடிமன் 6 மில்லிமீட்டர். ஓட்டையின் விளிம்பை 12-க்கு 1 என்ற சரிவில் தேய்த்து இறக்க வேண்டும் என்பது எபாக்ஸி வேலைக்கு வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஒரு பக்கம் 72 மில்லிமீட்டர், மறுபக்கம் 72, நடுவில் 50. உள்ளங்கைக்குள் அடங்கிய ஓட்டை சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரிந்துவிடும். முதல் தடவை செய்கிறவருக்குக் கை நடுங்கும். நன்றாக இருக்கும் ஓட்டுப் பகுதியையே நாசம் செய்கிறோமோ என்று தோன்றும். ஆனால் ஒட்டும் பரப்பு எவ்வளவுக்கு எவ்வளவு அகலமோ, அவ்வளவுக்குச் சுமை பரவும். இந்தச் சரிவைச் சரியாகப் போட்டு, பரப்பை அசிட்டோனால் துடைத்து, உள்ளே ஈரமில்லாமல் பார்த்துக்கொண்டால் பாலியெஸ்டர் ஒட்டுகூட நீர்மட்டத்துக்கு மேலே பல வருஷம் நிற்கும். சரிவு போடாமல் சதுரமாக அடைத்த எபாக்ஸி, ஒரே மோதலில் மூடி மாதிரி கழன்று விழும்.

இழையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சாதாரண 'மேட்' என்ற இழை விரிப்பில் துண்டு இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் பசை ஸ்டைரீனில் கரையும்படி செய்தது. பாலியெஸ்டர் பட்டதும் மேட் தளர்ந்து வளைவுக்குப் படியும். எபாக்ஸியில் ஸ்டைரீன் கிடையாது. பல மேட்டுகள் விறைத்துக்கொண்டு நிற்கும், உள்ளே வெள்ளை வெள்ளையாக நனையாத இழை தெரியும். எபாக்ஸிக்கு நெய்த துணியோ, குறுக்கும் நெடுக்குமாகத் தைத்த துணியோதான் சரி.

இனி மேல்தளத்துக்கு வருவோம். பழைய படகில் வெளி ஓட்டைவிட மேல்தளம்தான் நோயாளி. டிரைட்டன் போன்றவற்றின் தளத்தில் மேலே ஒரு ஃபைபர் தோல், கீழே ஒரு ஃபைபர் தோல், நடுவே பால்சா மரம். கனமில்லாமல் விறைப்பு கிடைக்க அந்த ஏற்பாடு. கைப்பிடிக் கம்பிக்கும் கயிறு மாட்டும் கட்டைக்கும் போட்ட துளைகள் வழியே வருஷக்கணக்கில் மழைத்தண்ணீர் இறங்கி, பால்சா ஊறிக் கறுத்துவிடும். சிறு சுத்தியலின் பிளாஸ்டிக் முனையால் தட்டிக்கொண்டே போனால் தெரியும்: நல்ல இடம் டக் டக் என்று கணீரென ஒலிக்கும், ஊறிய இடம் தொப் என்று செத்த சத்தம் தரும். அந்த எல்லையைப் பென்சிலால் கோடு போட்டு, மேல்தோலை வெட்டித் தூக்கினால் கீழே ஈரக் காபித்தூள் மாதிரி ஒரு குழைவு. கரண்டியால் வழித்து எடுக்கலாம்.

இங்கே பாலியெஸ்டருக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன். மரத்தின் மேல் அது நாளடைவில் தோலுரியும். வழித்தெடுத்து, நன்றாகக் காயவிட்டு, புதுப் பால்சாவைக் கெட்டியாக்கிய எபாக்ஸியில் படுக்கவைத்து, வெட்டியெடுத்த தோலையே மேலே ஒட்டி, வெட்டுவாயில் சரிவு போட்டுத் துணி வைக்க வேண்டும். அதைவிட முக்கியம் துளைகள். தேவைக்கு மேல் பெரிதாகத் துளைத்து, சுற்றியிருக்கும் பால்சாவைச் சுரண்டி, எபாக்ஸி நிரப்பி, இறுகியபின் அதன் நடுவே போல்ட்டுக்கு மறுபடி துளைபோட வேண்டும். அப்புறம் எந்தத் தண்ணீர் இறங்கினாலும் மரத்தைத் தொடாது. கட்டும்போதே இதைச் செய்திருந்தால் பாதிப் படகுகளுக்கு இந்த நோய் வந்தே இருக்காது.

நீர்மட்டத்துக்குக் கீழே கதை வேறு. கடலில் கிடக்கும் பாலியெஸ்டர் ஓட்டுக்குள் தண்ணீர் மூலக்கூறுகள் ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சைத் தாண்டி மெதுவாக நுழைகின்றன. உள்ளே வினைபுரியாமல் மிஞ்சிய, தண்ணீரில் கரையும் பொருள்களைக் கரைத்து, சவ்வூடுபரவலால் அழுத்தம் ஏறி, வெளியே கொப்புளமாகப் புடைக்கும். 1970கள், 80களில் கட்டிய பல படகுகளில் இது பெருந்தொல்லை. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் நிதியில் ரோட் ஐலண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ராக்கெட்டும் ரோஸும் இதை ஆராய்ந்து 1987இல் அறிக்கை தந்தார்கள். கொப்புளத்தை உளியால் குத்தும்போது கண்ணாடி போட்டுக்கொள்வது உத்தமம்: உள்ளிருக்கும் திரவம் பீய்ச்சி அடிக்கும், வினிகர் வாடையும் வரும். குத்தி, கழுவி, மாதக்கணக்கில் காயவிட்டபின் தண்ணீரைக் குறைவாக உள்ளே விடும் எபாக்ஸியால் அடைத்துப் பூசுவது வழக்கம். வைனைல் எஸ்டர் என்ற மூன்றாவது ரெசினும் இதற்கு உதவும். தண்ணீரைத் தாங்குவதில் பாலியெஸ்டரைவிட மேல், ஜெல்கோட்டோடும் ஒத்துப்போகும்.

பாலியெஸ்டர் தோற்கும் இடங்களையே சொல்லிக்கொண்டு போகிறேன். அதை ஈடுகட்ட நம் கரைக்கு வரலாம். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஃபைபர் படகுகள் பெருகின. அவற்றைக் கட்டுவதும் ஒட்டுவதும் பாலியெஸ்டரால்தான். மணலில் ஏற்றி இறக்கும்போது அடிவயிறு தேயும். உடனே கிரைண்டர், மேட், ரெசின். நம் கடைகளில் பெரும்பாலும் வினையை முடுக்கும் கோபால்ட் தனி, கேட்டலிஸ்ட் தனி. முதலில் கோபால்ட்டை ரெசினில் கலக்கி, அப்புறம்தான் கேட்டலிஸ்ட். இரண்டையும் நேருக்கு நேர் சேர்த்தால் வெடிக்கும் என்பது ஃபைபர் வேலைக்காரருக்குப் பாலபாடம். சித்திரை வெயிலில் சிறிது நேரத்தில் இறுகிவிடும். மறுநாள் படகு தொழிலுக்குப் போகலாம். ஒருநாள் நின்றால் ஒருநாள் வருமானம் போச்சு என்கிற படகுக்கு இது மலிவான சமரசம் அல்ல, சரியான முடிவு. குளிர்காலம் முழுக்க ஸ்டாண்டில் தூங்கி, கோடையில் சனி ஞாயிறுகளில் பாய் விரிக்கும் படகோடு இதை ஒப்பிட்டு யாரும் ஏளனம் பேச வேண்டாம்.

ரோட் ஐலண்ட் படகுக்குப் பிரச்சினை வெயில் அல்ல, வசந்தகாலம். ஏப்ரலில் 10 டிகிரிக்குக் கீழே எபாக்ஸி சோம்பிக் கிடக்கும். ஈரக்காற்றில் இறுகினால் மேலே மெழுகு தடவியது போல ஒரு பிசுக்குப் படரும். அதை உப்புத்தாளால் தேய்க்கப் போனால் தாளில் அடைத்துக்கொண்டு, மிச்சம் பரப்பிலேயே இழுபடும். தேய்ப்பதற்கு முன் வெறும் தண்ணீரும் பச்சை ஸ்க்ரப்பரும் போதும்.

இந்தப் பிசுக்குத்தான் ரெசினையும் பெயின்ட்டையும் இணைக்கும் கண்ணி. ஹார்டனரின் அமைன் மிச்சமிருக்கும் எபாக்ஸியின் மேல் ஜெல்கோட் பூசினால் அது இறுகாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். முழுக்க இறுகி, கழுவித் தேய்த்த எபாக்ஸியில் ஜெல்கோட் பிடிக்கும்தான். ஆனாலும் பெரும் பரப்பில் யாரும் அந்தப் பந்தயம் கட்டுவதில்லை. எபாக்ஸியை வெயிலில் வெறுமனே விடவும் முடியாது, புற ஊதாக் கதிரில் சுண்ணாம்பாக உதிரும். ஆக, எபாக்ஸி எடுத்தவர் பெயின்ட் எடுத்தவராகிறார். பழைய ஜெல்கோட் இன்னும் பளபளக்கிறது, ஒரு மூலையில் மட்டும் சிராய்ப்பு என்றால் பாலியெஸ்டர் பட்டியும் நிறம் கலந்த ஜெல்கோட்டும்தான் புத்திசாலித்தனம்; அதற்கு எபாக்ஸி வேண்டாம்.

பெயின்ட்டிலும் இதே போல ஒரு ஜோடி: இரண்டு டப்பா கலக்கும் பாலியூரித்தேன், ஒரே டப்பாவில் வருவது. ஆல்கிரிப், பெர்ஃபெக்ஷன் முதல் வகை, பிரைட்சைட் இரண்டாவது. முதல் வகையின் பளபளப்பும் ஆயுளும் அதிகம். ஆனால் ஹார்டனரில் ஐசோசயனேட் உண்டு. ஸ்ப்ரே செய்தால் வெளியிலிருந்து குழாயில் காற்று வரும் முகமூடி வேண்டும், சாதாரண ஃபில்டர் முகமூடியை நம்பக்கூடாது. தனியாள் வேலைக்கு ரோலரால் உருட்டி, பின்னாலேயே பிரஷ் நுனியால் நீவிவிடும் முறைதான் சரி. பழைய பெயின்ட் ஒற்றை டப்பா வகையாக இருந்தால் இரட்டை டப்பாவின் தின்னர் அதைச் சுருக்கித் தூக்கிவிடும். ஒரு மூலையில் தின்னர் நனைத்த துணியைச் சற்று நேரம் ஒட்டிவைத்துப் பார்ப்பது நல்லது. ஒற்றை டப்பா வகையில் சில, புது எபாக்ஸி மேல் நாள்கணக்கில் காயாமலே கிடக்கும்; நடுவே பிரைமர் வேண்டும்.

பளபளப்பு கூடக் கூட அடியிலிருக்கும் குறை அம்பலமாகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வாரக்கணக்கில் பட்டி பார்த்துத் தேய்க்கப் பொறுமை இருந்தால் இரட்டை டப்பா. வருஷா வருஷம் படகுத்துறையில் உரசிக்கொள்ளும் படகு, உரசிய இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்தால் போதும் என்கிற உரிமையாளர் என்றால், ஒற்றை டப்பாதான் என் தேர்வு. கறுநீலம் அழகுதான். ஆனால் சாதாரணச் சூட்டில் இறுகிய எபாக்ஸி 50, 60 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும். வெயிலில் கிடக்கும் கறுப்பு ஓடு அந்தச் சூட்டைத் தொட்டால், ஒட்டுப்போட்ட இடத்தின் துணி நெசவு மேலே அச்சாகத் தெரியும். ஒட்டு மறைய வேண்டுமென்றால் வெள்ளை, இல்லையேல் வெளிர் நிறம்.

நீர்மட்டக் கோட்டை, படகு கட்டியபோது வரைந்த இடத்திலேயே விட்டுவிடக் கூடாது. பின்னால் சேர்த்த சாமான்கள் ஏறி இந்தப் படகுகள் இப்போது பெரும்பாலும் அன்றைக்கு மிதந்ததைவிடத் தாழ்ந்தே மிதக்கின்றன. பக்கவாட்டுக்கு அடிக்கும் பெயின்ட், ஒற்றை டப்பாவோ இரட்டை டப்பாவோ, நாள் முழுக்க நீரில் மூழ்கிக் கிடக்கச் செய்ததல்ல, கொப்புளித்து உரியும். பாசி பிடிக்காத அடிப் பெயின்ட்டை ஓரிரு அங்குலம் மேலேற்றி முடித்துவிட்டு, அதற்கு மேல்தான் மேல் நிறத்தைத் தொடங்க வேண்டும்.