உப்பு போட்ட ரோடும் கறுப்புத் தாரும்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மும்பையிலிருந்து மச்சான் போன் பண்ணினான். "அத்தான், ஒரு டிராவலர் வேன் விலைக்கு வருது. உள்ள ரெண்டு படுக்கை, அடுப்பு, சின்ன பாத்ரூம் எல்லாம் வெச்சு வீடு மாதிரி பண்ணியிருக்காங்க. அப்பா அம்மாவை ஏத்திக்கிட்டு கொங்கண் வழியா கன்னியாகுமரி வரைக்கும் போயிட்டு வந்துடலாம்."

நியாயமான ஆசைதான். மாமனாருக்கு 74 வயசு. மாமியாருக்கு முட்டி வலி, ரயிலில் மேல் பெர்த் கிடைத்தால் அன்று ராத்திரி சிவராத்திரி. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அடுத்து ஒன்று சொன்னான் பாருங்கள். "அடியில புதுசா கறுப்பு கோட்டிங் அடிச்சிருக்காங்க அத்தான். பளபளன்னு இருக்கு. இனிமே துருவே பிடிக்காதாம்."

அங்கேதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. புனே வந்த புதிதில் நானும் அப்படி ஒரு பளபளப்பைப் பார்த்து ஒரு பழைய கார் வாங்கினேன். அடுத்த மழைக்காலத்தில் டிங்கரிங் பட்டறைக்காரர் கால் மிதியைத் தூக்கிக் காட்டினார். கீழே ரோடு தெரிந்தது. தங்கமணி அதை இன்னமும் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டாள். அந்தக் கடுப்பில் வண்டி அடிப்பாகத்துத் துருவைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தவன்தான். படித்ததில் ருசியானதை எல்லாம் இங்கே கொட்டிவிடுகிறேன்.

கதை கப்பலில் ஆரம்பிக்கிறது. பிரிட்டிஷ் கடற்படையின் மரக் கப்பல்களுக்கு அடியில் செம்புத் தகடு அடித்திருப்பார்கள். கடல் தண்ணீர் அதை அரித்துக்கொண்டே இருந்தது. 1824இல் ஹம்ப்ரி டேவி ஒரு வழி கண்டுபிடித்தார். செம்போடு துத்தநாகத்தையோ இரும்பையோ ஒரு துண்டு சேர்த்து வைத்தால், உப்புத் தண்ணீர் அந்தத் துண்டைத் தின்றுவிட்டுச் செம்பை விட்டுவிடும். பரிசோதனை அமோக வெற்றி, செம்பு அப்படியே இருந்தது. ஆனால் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்ததால்தான் அதுவரை சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருந்தன என்பது பிறகுதான் உறைத்தது. கரைவது நின்றதும் கப்பலடி முழுக்கச் சிப்பி, வேகம் குறைந்தது, கடற்படை கையை விரித்தது. பாவம் டேவி. ஆனால் அந்த யோசனை சாகவில்லை. 1837இல் பிரான்சில் சோரெல் என்பவர் உருகிய துத்தநாகத்தில் இரும்பை முக்கி எடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். நம்ம வீட்டு ஜி.ஐ. பைப், ஜி.ஐ. வாளி எல்லாம் அந்த வம்சம்தான்.

இனி ரோட்டுக்கு வருவோம். அமெரிக்காவில் பனி விழும் மாநிலங்களில் ரோட்டில் ஐஸ் உறையாமல் இருக்க உப்பு தூவுவது 1938 வாக்கில் நியூ ஹாம்ப்ஷயரில் சோதனையாக ஆரம்பித்தது. உலகப் போர் முடிந்து நெடுஞ்சாலைகள் பெருகியதும் எல்லாரும் தூவ ஆரம்பித்தார்கள். 1955இல் வருஷத்துக்கு 10 லட்சம் டன். அடுத்த 15 வருஷத்துக்குள் கிட்டத்தட்ட 1 கோடி டன். அந்தச் சேறு எல்லாம் டயர் வழியாகத் தெறித்து உட்காரும் இடம் வண்டியின் அடிவயிறு. ஊறுகாய் ஜாடியில் இரும்புக் கரண்டியைப் போட்டு வைத்த மாதிரி.

வண்டி விற்றவர்களிடம் அதற்கு ஒரு வைத்தியம் இருந்தது, தார் கலந்த கறுப்பு அண்டர்கோட்டிங். அது சத்தத்தை அடக்கத்தான் நன்றாக உதவியது. ரெண்டு மூணு வருஷத்தில் காய்ந்து விரிசல் விடும். விரிசல் வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வராது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் என்ற விஞ்ஞானி 1920களில் இரும்புத் தகட்டின் மேல் ஒரு சொட்டு உப்புத் தண்ணீரை வைத்துப் பார்த்தார். ஓரத்தில்தான் காற்று அதிகம், ஓரம்தான் அரிக்கும் என்று நாம் நினைப்போம். அரித்தது நடுவில்! ஆக்சிஜன் அதிகம் கிடைக்கும் ஓரம் தப்பித்துக்கொண்டு, கிடைக்காத நடுப்பகுதியை பலி கொடுக்கிறது. தாருக்கு அடியில் மாட்டிக்கொண்ட ஈரத்துக்கும் இதே கதைதான். மேலே கறுப்பாக மினுக்கும், உள்ளே இரும்பு பொடியாகும். என் கார் எப்படிப் போனது என்பது இதைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. பணம் போன பிறகு ஞானம் வந்து என்ன பண்ண!

டெட்ராய்ட்டில் கர்ட் ஸீபார்ட் என்று ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஒரு பட்டறைக்காரர். தினமும் துருப்பிடித்த வண்டிகளை வெட்டி ஒட்டியவர், துரு உள்ளிருந்து வெளியே வருகிறது என்று கவனித்தார். பெயின்ட் கம்பெனிகள் வெளியே பூசிக்கொண்டிருந்த காலம் அது. கதவு, வாசல்படி போன்ற மூடிய பெட்டிப் பகுதிகளில் சின்ன ஓட்டை போட்டு, நீளமான குழாயை உள்ளே விட்டு, மெழுகு மாதிரி இளகிய பொருளைப் பீய்ச்சி, ஓட்டையை மூடிவிடுவது அவர் முறை. காய்ந்து வெடிக்காது, மூலை முடுக்கெல்லாம் ஊர்ந்து போகும். 1959இல் கடை திறந்தார். பெரிய படிப்பாளிகள் எல்லாம் இருந்த ஊரில், பட்டறையில் அழுக்குத் துணியோடு நின்றவருக்கு இது தோன்றியது என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

அவருக்குக் கூட்டம் வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. முன்பெல்லாம் கனத்த சேஸிஸ் தனி, மேலே பாடி தனி. பிறகு தகட்டையே மடித்து முழு வண்டியையும் ஒரே கூடாகக் கட்ட ஆரம்பித்தார்கள். எடை குறைந்தது, ஆனால் அடித்தகடு அரித்தால் வண்டியின் எலும்பே அரித்த மாதிரி. 1980இல் பிரிட்டனில் லான்சியா பீட்டா கார்களில், எஞ்சினைத் தாங்கும் சட்டம் அடியில் பொருந்தும் இடமே துருப்பிடித்தது. கம்பெனியே வாங்குபவர்களிடமிருந்து வண்டிகளைத் திரும்ப வாங்கியது. அந்த ஊரில் அந்தப் பெயர் அதிலிருந்து எழுந்திருக்கவே இல்லை, 1994இல் கடையைக் கட்டினார்கள்.

கார்களுக்கு அப்புறம் நல்ல காலம் பிறந்தது. போர்ஷ 1976 மாடலிலிருந்து 911 காருக்குத் துத்தநாகம் பூசிய தகடு போட்டு 6 வருஷ உத்தரவாதம் கொடுத்தார்கள். ஃபோர்டில் ஜார்ஜ் புரூவர் உருவாக்கிய முறையில், மொத்த பாடியையும் பெயின்ட் தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சுவார்கள். கை எட்டாத சந்திலும் பெயின்ட் போய் ஒட்டிக்கொள்ளும். நாம் இன்று ஓட்டும் கார்கள் பத்து பதினைந்து வருஷம் தாங்குவது பெரும்பாலும் இந்த ரெண்டாலும்தான்.

வீட்டு வண்டிகளுக்கு அந்தப் பாக்கியம் முழுசாகக் கிடைக்கவில்லை. ஏனென்றால் அதைச் செய்வது ரெண்டு பேர். ஒருத்தர் சேஸிஸ் கொடுப்பார், இன்னொருத்தர் மேலே வீடு கட்டுவார். கரூரில் பஸ் பாடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ரெண்டாமவர் தண்ணீர் டாங்க் மாட்ட ஓட்டை போடுவார், சட்டம் வெல்டு வைப்பார். வெல்டு வைத்த இடத்தில் பழைய பூச்சு எரிந்து போகும். அங்கிருந்து துரு கணக்கை ஆரம்பிக்கும். போதாததற்கு சிங்க், பாத்ரூம் தண்ணீர் ஒழுகும், வண்டி வருஷத்தில் பாதி நாள் ஒரே இடத்தில் நிற்கும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1973 முதல் 1978 வரை தானே முழு மோட்டார் ஹோம் செய்து விற்றது. பாடி அலுமினியமும் ஃபைபர்கிளாஸும், துருவுக்கு வேலையே இல்லை. ஆனால் அதைத் தாங்கிய சட்டம் இரும்பு! ஐரோப்பாவில் சில பேர் புத்திசாலித்தனமாக, பின்பக்க சேஸிஸையே துத்தநாகத்தில் முக்கி எடுத்துத் தருகிறார்கள்.

கனத்த சேஸிஸ்தானே, என்ன ஆகும் என்று நினைக்கவும் முடியாது. டொயோட்டா டகோமா பிக்கப்பின் சேஸிஸ் துருப்பிடித்து, 2008இல் அந்தக் கம்பெனி வட அமெரிக்காவில் உத்தரவாதத்தை 15 வருஷமாக நீட்டியது. 2016இல் சுமார் 15 லட்சம் வண்டிகளுக்கு ஒரு சமரச ஒப்பந்தம், மதிப்பு 340 கோடி டாலர் வரை என்றார்கள்.

நடுவில் ஒரு காமெடியும் உண்டு. பேட்டரியில் மாட்டினால் துரு ஓடிவிடும் என்று ஒரு எலக்ட்ரானிக் டப்பா. டேவியின் தத்துவம்தான் என்று சொல்லி விற்றார்கள். டேவியின் தத்துவத்துக்குக் கப்பல் மாதிரி தண்ணீரிலேயே முங்கிக் கிடக்க வேண்டும். ரோட்டில் காற்றில் ஓடும் வண்டியில் அந்த மின்சுற்று எப்படி முடியும்? 1990களில் அமெரிக்க வர்த்தக ஆணையம் அப்படி விற்ற ஒரு கம்பெனி மேல் நடவடிக்கை எடுத்தது.

நமக்குப் பனி உப்பு கிடையாது, கடல் உப்பு உண்டு. பழைய பாம்பன் ரயில் பாலம் 1914இல் திறந்தது. நடுவில் தூக்கும் பகுதி அரித்துப்போய் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. இந்த அரிப்பை ஆராய்வதற்கென்றே காரைக்குடியில் மத்திய மின் வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்த ஆய்வகம், 1953இல் திறந்தார்கள். இந்தியாவில் எந்த ஊர்க் காற்று இரும்பை எவ்வளவு தின்னும் என்று வரைபடமே போட்டவர்கள் அவர்கள். கொங்கண் கரை நெடுக ஓட்டப்போகிறவன் மச்சான்!

அடுத்த சனிக்கிழமை மும்பை போனேன். பழைய பெட்ஷீட்டை விரித்து, டார்ச்சும் ஸ்க்ரூ டிரைவருமாக வண்டிக்கு அடியில் புகுந்தேன். உண்மையிலேயே பளபளப்புதான். ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனேன். டிங் டிங் என்று வந்த சத்தம், பாத்ரூம் டாங்க்குக்குப் பக்கத்தில் வெல்டு வைத்த சட்டத்தில் பொத்தென்று மாறியது. முனையால் லேசாக அழுத்தினேன். கறுப்புத் தோலோடு உள்ளங்கை அகலத்துக்குத் துரு பெயர்ந்து என் சட்டையில் விழுந்தது. தண்ணீர் வடிய வேண்டிய ஓட்டைகளையும் சேர்த்துக் கோட்டிங்கால் அடைத்திருந்தார்கள்.

விற்பவர், "ஊர்ல எல்லா வண்டியும் இப்படித்தான் சார், இன்னொரு கோட் அடிச்சுத் தரேன்" என்றார். மச்சான் முகம் தொங்கிவிட்டது. மாடிக்குப் போனால் மாமனார் ரோடு மேப்பைப் பரப்பி, ரத்னகிரி மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "என்ன மாப்ளே, வண்டி எப்படி?" என்றார். சட்டையில் இருந்த துருவைத் தட்டியபடி, "இது வேணாம் மாமா, வேற பார்ப்போம்" என்றேன்.

இப்போது நாசிக்கில் ஒன்று இருப்பதாகக் கேள்வி. அடியில் எந்தப் பூச்சும் இல்லாமல் பார்க்கவே அசிங்கமாக இருக்கிறதாம். இந்த வாரம் போய்ப் பார்க்கிறோம். தட்டிப் பார்த்து, தேறினால் நன்றாகக் கழுவிக் காயவைத்து, துருவைச் சுரண்டி, உள்ளே மெழுகு அடிக்கிற ஒரு ஆளையும் விசாரித்து வைத்திருக்கிறேன். பெட்ஷீட் துவைத்தாயிற்று. கறை மட்டும் போகவில்லை, அதற்கும் சேர்த்து தங்கமணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.