திருமண மோதிரம்: 22 காரட்டா, 18 காரட்டா, பிளாட்டினமா? எதை வாங்கலாம்?

கல்யாண நகைப் பட்டியலில் கடைசியாக, அவசர அவசரமாக வாங்கப்படுவது பல வீடுகளில் மோதிரம்தான். ஆனால், விசேஷத்துக்கு மட்டும் எடுத்துப் போடும் ஆரம் வேறு. பாத்திரம் தேய்க்கும்போதும் பைக் ஓட்டும்போதும் விரலிலேயே கிடக்கும் மோதிரம் வேறு. அதனால், 'எது விலை அதிகம்?' என்று பார்ப்பதைவிட, 'நம்ம கை தினமும் என்ன வேலை செய்யுது?' என்று யோசிப்பதே முதல் படி.

22 காரட் தங்கம்

இதில் 91.6 சதவீதம் தங்கம். '916' என்று சொல்வது அதனால்தான். விற்பதும் மாற்றுவதும் எளிது. ஆனால், மென்மையானது, சீக்கிரம் நெளியும், தேயும். கல்லைப் பிடித்திருக்கும் கொக்கிகள் வளைந்தால் கல் விழுந்துவிடும். கல் இல்லாத, சற்றே தடிமனான வளைய மோதிரத்துக்கு இது பொருத்தம்.

18 காரட் தங்கம்

75 சதவீதம் தங்கம். மீதி செம்பு, வெள்ளி போன்ற உலோகங்கள். 22 காரட்டைவிட உறுதியானது. வைரமோ வேறு கல்லோ பதிக்கணும்னா, தினமும் போடணும்னா இதுவே நல்ல தேர்வு.

வெள்ளைத் தங்கம் வாங்குகிறீர்களா? அந்தப் பளிச் வெண்மை பெரும்பாலும் மேலே பூசிய ரோடியம் முலாம். அது தேயும்போது லேசான மஞ்சள் தெரியும். மறுபடி முலாம் பூச வேண்டும். சில வகைகளில் நிக்கல் கலந்திருக்கும். கவரிங் நகை போட்டால் அரிப்பு வரும் என்பவர்கள், நிக்கல் இருக்கிறதா என்று கேட்டே வாங்குங்கள்.

பிளாட்டினம்

நகைக்குப் பெரும்பாலும் 95 சதவீதத் தூய்மையில் வரும். முலாம் தேவையில்லை, கீறல் விழும், ஆனால் உலோகம் அதிகம் தேய்ந்து போகாது. தங்கத்தைவிட அடர்த்தி அதிகம் என்பதால், அதே அளவு மோதிரம் 18 காரட்டைவிடக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு எடை கூடும். எனவே கிராம் விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள். மோதிரத்தின் மொத்த விலையைக் கேளுங்கள். இது உருக 1,768 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அளவு மாற்றும் வேலையை எல்லாப் பட்டறையிலும் செய்ய மாட்டார்கள். திரும்ப எடுக்கும்போது எவ்வளவு கழிப்பார்கள் என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள்.

வெள்ளி

92.5 சதவீத வெள்ளி பட்ஜெட்டுக்கு அடங்கும். ஆனால் கறுக்கும், சுலபமாக நெளியும். தினசரி உழைப்புக்கு ஏற்றதல்ல.

கடையில் எதைப் பார்க்கணும்?

தங்க மோதிரத்தின் உள்பக்கம் மூன்று அடையாளங்கள் இருக்க வேண்டும்: பிஐஎஸ் முத்திரை, தூய்மை எண், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யுஐடி. அந்த எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டு, கடையிலேயே சரிபார்க்கலாம். கவனம்: 2 கிராமுக்குக் குறைவான நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. மெல்லிய மோதிரங்கள் இந்த விலக்கில் அடங்கிவிடும்; முத்திரை உள்ளதையே கேட்டு வாங்குங்கள். கல்லின் எடையும் தங்கத்தின் எடையும் பில்லில் தனித்தனியாக இருக்கட்டும்.

இன்னொன்று: செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி எதுவும் விற்கும்போது திரும்பி வராது. ஆகவே மோதிரத்தை முதலீடாக நினைக்காமல், பல வருஷம் விரலில் தாங்குமா என்று பார்த்து வாங்குங்கள்.